பரணிலிருந்து இறக்கிய கேசட் டெக்: செய்யக்கூடாத தவறுகள்

"கேசட்டுன்னாலே மங்கலாத்தான் கேட்கும்" என்று சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். 1970களின் கடைசியிலும் 80களிலும் வந்த நல்ல ஜப்பானிய டெக்குகளைச் சரியான நிலையில் கேட்டவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். மங்கலுக்குக் காரணம் பெரும்பாலும் பராமரிப்பில்தான் இருக்கிறது.

இறக்கிய கையோடு பிளக்கைச் செருகி, இருப்பதிலேயே அருமையான கேசட்டைப் போடுவதுதான் முதல் தவறு. வருடக்கணக்கில் ஓடாத டெக்கில் ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும், அல்லது தார் போல இளகியிருக்கும். நாடாவைச் சுற்றவேண்டிய சக்கரம் நின்றுபோக, ரப்பர் ரோலரோடு சேர்ந்து நாடாவை இழுக்கும் உலோகத் தண்டான கேப்ஸ்டன் மட்டும் இழுத்துக்கொண்டே இருந்தால் நாடா ரோலரில் சிக்கி நாசமாகிவிடும். போனால் போகட்டும் என்கிற ஒரு கேசட்டைப் போட்டுப் பாருங்கள். பெல்ட்டை எப்படியும் மாற்றவேண்டி வரும்.

நாடாவிலிருந்து ஒலியைப் படிக்கும் ஹெட்டில் படிந்திருக்கும் பழுப்புப் பொடி நாடாவிலிருந்து உதிர்ந்தது. பஞ்சுக் குச்சியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தால் போதும். நெயில் பாலிஷ் ரிமூவர் வேண்டவே வேண்டாம், அதிலுள்ள அசிட்டோன் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். ரப்பர் ரோலருக்குச் சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி நல்லது. தையல் மிஷின் எண்ணெயை அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். ஒரு சொட்டு ரோலரில் பட்டாலும் நாடா வழுக்கும்.

அடுத்தது அசிமுத், அதாவது நாடாவுக்கு ஹெட் நிற்கும் கோணம். ஒலியின் தெளிவு பெரிதும் இதில்தான் இருக்கிறது. நாடா நொடிக்கு 4.76 செ.மீ. நகர்கிறது. அந்த வேகத்தில் 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை நாடாவில் பிடிக்கும் இடம் 4.76 மைக்ரான்தான். கோணம் துளி சாய்ந்தாலும் ஜால்ராவும் வீணையின் மீட்டொலியும் காணாமல் போகும். நாகமிச்சி 1982இல் கொண்டுவந்த டிராகன் டெக், ஓடும்போதே கோணத்தைத் தானே திருத்திக்கொண்டதற்குக் காரணம் இதுதான். நம் ஊர் ரெக்கார்டிங் சென்டர்களில் பாட்டு லிஸ்ட் கொடுத்துப் பதிந்து வாங்கிய கேசட்டுகளில் இந்தச் சிக்கல் அதிகம். அந்தக் கடை டெக்கின் கோணம் எதுவோ, அதே கோணத்தில்தான் பாட்டும் பதிந்திருக்கும்.

அதற்காக ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் கண்டபடி திருகக்கூடாது. ஹெட்டின் இரு பக்கமும் திருகு இருக்கும். பொதுவாக ஸ்பிரிங் உள்ளதுதான் நமக்கு வேண்டியது. இப்போதைய நிலையை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். ஆம்ப்ளிஃபயரை மோனோவில் வைத்து, பாட்டை ஓடவிட்டு, மயிரிழை மயிரிழையாகத் திருப்புங்கள். ஓர் இடத்தில் மூடியிருந்த கதவு திறந்தது போல ஒலி விரியும். அந்தக் கேசட்டைக் கேட்டு முடித்ததும் பழைய நிலைக்கே திருப்பிவிடுங்கள். காந்தம் ஏறிய ஸ்க்ரூடிரைவர் மட்டும் ஹெட் அருகே வரக்கூடாது.

நாடாவின் இரைச்சலைக் குறைக்கும் டால்பி பொத்தானையும் கவனியுங்கள். டால்பி இல்லாமல் பதிந்ததை டால்பி போட்டுக் கேட்டால் மேல்சுரங்கள் அமுங்கிவிடும். கேசட் அட்டையில் குறிப்பு இல்லையென்றால் இரண்டு விதமாகவும் கேட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள். சாதாரண நாடாவை, குரோம் வகை நாடாவுக்கென டெக்கில் இருக்கும் நிலையில் வைத்து ஓட்டினாலும் இதே மங்கல்தான் வரும்.

எல்லாம் சரியாக இருந்தும் ஒலி ஏறி இறங்கினால் டெக்கைக் குடையாதீர்கள். கேசட்டுக்குள் நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் சின்னக் கம்பளித் துண்டு உதிர்ந்திருக்கலாம். திருகு போட்ட வேறொரு கேசட்டைப் பிரித்து, அந்தக் கூட்டுக்குள் நாடாவை மாற்றிவிட்டால் பாட்டு நிலைக்கு வந்துவிடும்.