மூங்கிலுக்குள் ஒயர்: பிளாஸ்டிக் பைப்புக்கு மாற்றாக ஒரு முதல் சோதனை

ஒயர் ஓடும் பிளாஸ்டிக் பைப்புக்குப் பதிலாகத் தாவரப் பொருளைப் பயன்படுத்தலாம். ஆனால் 12 வோல்ட் எல்.இ.டி. விளக்கு போன்ற குறைந்த மின்னழுத்த வேலைகளுக்கு மட்டுமே. 110 ஆனாலும் 230 ஆனாலும் வீட்டு மின் இணைப்பை இதற்குள் கொண்டுபோகவே கூடாது. பி.வி.சி. பைப்பில் பற்றிய தீ, சுடரை விலக்கியதும் பெரும்பாலும் தானே அணையும். மூங்கில் கனன்றுகொண்டே இருக்கும்.

நாணல் எளிதில் பிளந்துவிடும், பப்பாளிக் காம்பு காய்ந்தால் சுருங்கிவிடும். எனவே மூங்கிலில் தொடங்குங்கள். மூன்று வயது தாண்டிய, முற்றிய கழியை எடுங்கள். உட்துளை 20 மி.மீ. இருந்தால் வசதி. கல் மூங்கிலுக்குள் துளை இருப்பதே அரிது, அது வேண்டாம்.

அடுத்து, கணுக்களைத் திறக்க வேண்டும். இந்த வேலையின் உயிரே இதுதான். கழியை ஒரு மீட்டர் துண்டுகளாக அறுத்து, இரு முனைகளையும் சணல் கயிற்றால் இறுகக் கட்டுங்கள். கட்டாவிட்டால் அடிக்கும்போது பிளக்கும். கூர்மையான இரும்புக் கம்பியை உள்ளே விட்டு, கணுத் தடுப்புகளை ஒவ்வொன்றாகச் சுத்தியலால் தட்டி உடையுங்கள். கம்பியைப் பழுக்கக் காய்ச்சிக் குத்துவது சுலபம்தான், ஆனால் உள்ளே கரி படியும். கரி மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் அந்த வழியை நான் விரும்புவதில்லை.

உடைத்த இடத்தில் சிலும்பு நிற்கும். ஒரு குச்சியில் உப்புத்தாளைச் சுற்றி, உள்ளே விட்டுத் தேயுங்கள். பிறகு பழைய பருத்தித் துணியைக் கயிற்றில் கட்டி, முனைக்கு முனை இழுத்துப் பாருங்கள். துணியின் நூல் எங்கே சிக்குகிறதோ, அங்கேதான் ஒயரின் உறையும் கிழியும். நூல் சிக்காமல் வரும்வரை தேயுங்கள். அலுப்பான வேலைதான், இதில் குறுக்குவழி கிடையாது.

மூங்கிலில் உள்ள மாவுச்சத்தைத் தேடி வண்டு வரும். பத்து லிட்டர் தண்ணீரில் 300 கிராம் வெண்காரமும் 200 கிராம் போரிக் அமிலமும் கரைத்து, துண்டுகளை ஒரு வாரம் மூழ்கவிடுங்கள். கணுக்கள் திறந்திருப்பதால் கரைசல் உட்புறமும் ஏறும். கையுறை அவசியம், குழந்தைகளை அருகில் விடாதீர்கள்.

வெயிலில் காயவைத்தால் வெடிக்கும், நிழலில் வையுங்கள். அவ்வப்போது எடை போட்டு, எடை குறைவது நின்ற பிறகே ஒயரை இழுங்கள். துளையில் பாதிக்கும் குறைவாகவே ஒயர் நிரம்பட்டும்.

திருப்பங்களில் மூங்கிலை வளைக்க முயலாதீர்கள். இரண்டு கொட்டாங்கச்சிகளைத் தேய்த்து ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, பக்கங்களில் துளையிட்டால் அழகான இணைப்புப் பெட்டி கிடைக்கும். மூடியைத் திறக்கும்படி வையுங்கள், ஒட்டிவிடாதீர்கள்.

மின்சாரம் புறப்படும் இடத்தில் ஃபியூஸ் ஒன்று கட்டாயம். விளக்கை எரியவிட்டுச் சிறிது நேரம் கழித்து மூங்கிலையும் இணைப்புப் பெட்டிகளையும் வெளியே தொட்டுப் பாருங்கள். எங்காவது சூடு தெரிந்தால் உடனே அணைத்து, இணைப்புகளைச் சோதியுங்கள். குளியலறை, வெளிச்சுவர் இரண்டும் இதற்கு ஏற்ற இடங்கள் அல்ல, நனைந்தால் வெண்காரம் கரைந்து வெளியேறிவிடும்.