வெள்ளத்துக்குப் பள்ளிக்கூடத்தில் தங்கினால்: தண்ணீரில் தொடங்குங்கோ

யாழ்ப்பாணத்தில் நாவாந்துறைப் பக்கம் வெள்ளம் ஏறினால் எங்களுக்குப் பள்ளிக்கூடம்தான் தஞ்சம். பாய் விரிக்க முதல் குடிதண்ணீரைப் பாருங்கோ. எங்கட நிலம் சுண்ணாம்புக்கல். மலசலகூடக் குழியில் இறங்குவது வெடிப்புகளுக்குள்ளால் கிணற்றுக்கு வந்துவிடும். தெளிந்த தண்ணீரென்று நம்பாதேங்கோ. நல்லாப் பொங்கிக் கொதித்த பிறகு ஆறவிட்டு மூடி வையுங்கோ. அதுக்குள் பேணியை விட்டு அள்ளினால், விரல் பட்டு, கொதிக்க வைத்த பாடு வீண். நான் பிடி நீண்ட அகப்பை ஒன்றை வாளியோடு கட்டிவிடுவேன்.

பிள்ளைக்கு வயிற்றோட்டமா? ஜீவனி என்கிற நீரிழப்பை ஈடுசெய்யும் உப்புத்தூளில் ஒரு பைக்கற்றை முழுதாக ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் கரையுங்கோ. பாதி பாதியாகக் கரைப்பது பிழை. 24 மணித்தியாலம் கழிந்தால் மிச்சத்தை ஊற்றிவிடுங்கோ. தாய்ப்பாலை நிற்பாட்ட வேண்டாம்.

எலிச் சலம் கலந்த தண்ணீரால் புண்ணுக்குள்ளால் தொற்றும் எலிக்காய்ச்சல் 2024 மார்கழியில் யாழ்ப்பாணத்தில் உயிர்களை எடுத்தது. காலில் புண் இருந்தால் வெள்ளத்தில் இறங்காதேங்கோ. இறங்கியவருக்குக் காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேணும். தடுப்பு மாத்திரையை சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை சொன்னபடி மட்டும் எடுங்கோ. கர்ப்பிணியென்றால் முதலே சொல்லுங்கோ.

சீனி, பிரஷர் வருத்தக்காரர் கிளினிக் கொப்பியையும் மருந்தையும் பொலித்தீனில் சுற்றிக் கொண்டுவாங்கோ.

ஒருமுறை ஒரு அக்கா, இருட்டில் மலசலகூடம் போகப் பயந்து, பகல் முழுக்கத் தண்ணியே குடிக்கவில்லை. உதடு வெடித்திருந்தது. அன்றிரவே வாசலில் ரோச் லைற் ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டோம், பக்கத்தில் சவர்க்காரமும்.