ஆள் குடியிருக்கும் பழைய வீடு: பிடிவாதம் பிடிக்கும் உரிமையாளரிடமும் வாடகைதாரரிடமும் பேசி முடிப்பது எப்படி?

சென்னையில் அரை கிரவுண்டு பழைய வீடு அக்கம்பக்கத்து விலையை விடக் குறைவாக வருகிறது என்றால், பல சமயம் காரணம் உள்ளே ஆள் இருப்பதுதான். விற்பவர் விலையில் இறங்கமாட்டார், குடியிருப்பவர் வீட்டை விட்டு இறங்கமாட்டார். இருவரில் முதலில் பேசவேண்டியது குடியிருப்பவரிடம். அதுவும் விற்பவருக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே.

விற்பவரின் அனுமதியோடு போய் மூன்றைக் கேளுங்கள்: வாடகை எவ்வளவு, முன்பணம் எவ்வளவு, எழுத்தில் ஒப்பந்தம் இருக்கிறதா. விற்பவர் "அம்பதாயிரம்தான் அட்வான்ஸ்" என்பார், குடியிருப்பவர் இரண்டு லட்சத்துக்கு ரசீது காட்டுவார். இந்தத் தொகை, பாக்கி விவரம், காலி செய்யும் தேதி எல்லாவற்றையும் ஒரு கடிதமாக எழுதி இரு தரப்பிலும் கையெழுத்து வாங்குங்கள். கிரயம் ஆன பிறகு வீட்டுக்காரர் நீங்கள்; முன்பணத்தைத் திருப்பிக் கேட்டு உங்கள் வாசலுக்குத்தான் வருவார்கள். ஆகவே அந்தத் தொகையை விலையில் கழித்துவிடுங்கள்.

வீடு லீசுக்கு விடப்பட்டிருந்தால் இன்னும் கவனம் தேவை. மாத வாடகை கிடையாது. ஐந்து, எட்டு லட்சம் என்று மொத்தமாக வாங்கி விற்பவர் செலவழித்திருப்பார். திருப்பித் தரப் பணம் இல்லாததால்தான் ஆள் காலியாகவில்லை. இங்கே விலை பேசி ஒரு பயனும் இல்லை. விற்பவருக்குத் தரவேண்டிய அட்வான்ஸில் ஒரு பகுதியை, சாவி கைக்கு வரும் அன்று லீசுதாரர் பெயருக்கே டிடியாகக் கொடுத்து, மூவரும் கையெழுத்திட்ட ரசீது எழுதிக்கொள்ளுங்கள். பணத்தை விற்பவர் கையில் கொடுத்துவிட்டு அவர் செட்டில் செய்வார் என்று காத்திருந்தால், அட்வான்ஸும் போய் ஆளும் போகாத நிலைதான்.

"தொண்ணூறுக்கு ஒரு ரூபாய் குறையாது" என்பவரிடம் உடனே எண்பது என்று பதில் சொல்லாதீர்கள். "சார், பணம் வந்ததும் முதல்ல என்ன செய்யப்போறீங்க?" என்று கேளுங்கள். மகள் கல்யாணம், கடன், அடுத்த பிளாட்டுக்குக் கட்டவேண்டிய தவணை என்று ஏதாவது ஒரு தேதி வெளியே வரும். விலையில் பிடிவாதம் பிடிப்பவர் பலர் தேதிக்காக இறங்கி வருவார்கள். இரண்டு வழிகளை முன்னால் வையுங்கள்: 30 நாளில் பதிவு என்றால் 82 லட்சம், 90 நாள் என்றால் 85. வங்கிக் கடனை நம்பியிருந்தால் 30 நாள் என்று வாய்விடாதீர்கள். விற்பவர் ஒரு படி இறங்காமல் நீங்கள் இரண்டு படி ஏறக்கூடாது.

பக்கத்து சர்வே எண்களுக்கு வில்லங்கச் சான்றை (சொத்தின் மேல் நடந்த பதிவுகளின் பட்டியல்) பதிவுத்துறை இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஆனால் அதில் உள்ள தொகையைச் சந்தை விலை என்று நீட்டினால் விற்பவர் சிரிப்பார். பலரும் அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்புக்கே பதிந்திருப்பார்கள். எத்தனை கிரயம் நடந்தது, எப்போது நடந்தது என்பதற்குத்தான் அது உதவும்.

சில பிடிவாதங்களுக்கு விலை ஒரு சாக்கு மட்டுமே. கையெழுத்துப் போட மறுக்கும் தங்கை இருக்கலாம். மூதாதையர் சொத்தில், இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தத்துக்குப் பிறகு மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு. வாரிசுச் சான்றிதழில் உள்ள எல்லாப் பெயரும் ஒப்பந்தத்தில் இல்லையென்றால் ஒரு ரூபாயும் கொடுக்கவேண்டாம்.

இன்னொன்று வரி பயம். "பாதியைக் கறுப்பில் கொடுங்கள்" என்பார். சொத்து விற்பவர் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக அட்வான்ஸ் வாங்கினால், வாங்கிய தொகைக்கு ஈடாக அபராதம் வரலாம் என்பதைச் சொல்லுங்கள். 2001க்கு முன் வாங்கிய வீட்டுக்கு 1.4.2001 அன்றைய மதிப்பை அடக்க விலையாகக் காட்டலாம். லாபத்தில் வேறு வீடு வாங்கினாலும் வரிவிலக்கு உண்டு. இதற்கு விற்பவரை ஒரு ஆடிட்டரிடம் அரை மணி நேரம் உட்கார வைத்து, அந்தக் கட்டணத்தை நீங்களே கொடுத்தாலும் நஷ்டமில்லை. விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் அவருக்குத் தரும் பணத்தில் 1% டிடிஎஸ் (முன்கூட்டிய வரிப் பிடித்தம்) பிடிக்கவேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். பதிவு அன்று சொன்னால் சண்டை வரும். உங்கள் பக்கம் முத்திரைத்தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2% தனி.

குடியிருப்பவரிடம் "எப்போ காலி பண்றீங்க?" என்று தொடங்கினால் அன்றே கதவு மூடிக்கொள்ளும். "எந்தப் பக்கம் வீடு பார்க்கிறீங்கம்மா, பசங்க எந்த ஸ்கூல்?" என்று கேளுங்கள். முழுப்பரீட்சை முடியாமல் நகரமாட்டார்கள். ஆடியிலும் மார்கழியிலும் பலர் பால் காய்ச்சமாட்டார்கள். ஆனி கடைசி வரை இழுத்தடித்தால் அது ஆவணிக்குத்தான் போகும். தேதியை அதற்கு முன்பே குறியுங்கள்.

பெரும்பாலான முட்டுக்கட்டை இதுதான்: புது வீட்டுக்கு அட்வான்ஸ் கட்ட அவருக்குப் பழைய அட்வான்ஸ் வேண்டும், வீட்டுக்காரரோ சாவி வந்தால்தான் தருவார். புது வீடு பேசி முடித்ததும் பாதி, சாவி அன்று மீதி என்று பிரித்தால் விஷயம் நகரும். கடைசி மாத வாடகையை விட்டுக்கொடுத்து லாரிக் கூலியும் தரலாம். 80 லட்சத்துக்கு 9% வட்டி என்றால் ஒரு மாதத்துக்கு 60,000 ரூபாய். ஒரு மாதம் முன்னதாகப் போக 40,000 கொடுத்தால் உங்களுக்கு மிச்சம்தான். ஆனால் முதல் நாளே பணம் பேசினால் தொகை ஏறிக்கொண்டே போகும்.

தண்ணீரை நிறுத்துவது, கரண்டைத் துண்டிப்பது, பூட்டுப் போடுவது எதுவும் கூடாது. 22.2.2019 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாடு வாடகைச் சட்டம் இதைத் தடுக்கிறது. வழக்கு உங்கள் மேல் திரும்பும். எழுத்து ஒப்பந்தம் இல்லாதது, வாடகை பாக்கி, உள்வாடகை என்று காரணம் இருந்தால் வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம். நோட்டீஸைத் தயாராக வைத்துக்கொண்டு பேசுங்கள். பேச்சு முறிந்தால் மட்டும் அனுப்புங்கள்.

கிரய ஒப்பந்தத்தில் "காலி வீடாக ஒப்படைத்த பிறகே பதிவு; குறித்த தேதி தாண்டினால் அட்வான்ஸ் இத்தனை நாளுக்குள் வாபஸ்" என்று எழுதி, ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். சாவி வாங்கும் அன்று கரண்ட் மீட்டரைப் போட்டோ எடுத்து பில் பாக்கியைப் பாருங்கள். மாடி அறை, கார் ஷெட், பின்கட்டு எல்லாவற்றையும் திறந்து பார்த்து, அன்றே பூட்டை மாற்றுங்கள். ஷெட்டில் பழைய பீரோ ஒன்று கிடந்தாலும் மீதிப் பணத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.