பாப் ஸ்மியர் ரிப்போர்ட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டினவள் சொல்கிறேன்

மூன்று வருஷத்துக்கு முன்னால் மலைக்குக் கீழே ஒரு ஆஸ்பத்திரியில் பாப் ஸ்மியர் எடுத்தேன், கர்ப்பப்பை வாயில் செல்லை லேசாக வழித்தெடுத்துப் பார்க்கிற டெஸ்ட் அது. ரிப்போர்ட் வாங்கப் போனபோது, "செல்லில் மாற்றம் இருக்கு, கால்போஸ்கோபி பாருங்க" என்று ஒரு தாளைக் கையில் கொடுத்தார்கள், விளக்கம் ஒன்றும் இல்லை. கால்போஸ்கோபி என்றால் கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியால் பார்ப்பது என்பதே எனக்கு அப்போது தெரியாது. பூம்பாறைக்குப் பஸ் ஏறி வந்து அந்தத் தாளைப் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்துப் பீரோவைப் பூட்டினேன். பூண்டு எடுப்பு முடியட்டும், சின்னவளுக்குப் பரீட்சை முடியட்டும் என்று ஐந்து மாதம் ஓடியது. புற்றுநோய்தான் என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன், அப்புறம் போய்த் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்ற நினைப்பு.

செல்லில் மாற்றம் என்றாலே புற்றுநோய் என்று எடுத்துக்கொள்வதுதான் எல்லோரும் செய்கிற தவறு. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் காரணம் உறவின் மூலம் தொற்றும் எச்பிவி என்ற வைரஸ். அது வந்தால் அநேகமாக ஓரிரு வருஷத்தில் உடம்பே அதை விரட்டிவிடும். போகாமல் தங்கினால்தான் கர்ப்பப்பை வாயில் செல்கள் மாறிக்கொண்டே போகும், அது புற்றுநோயாக முற்றுவதற்குப் பொதுவாக 15 முதல் 20 வருஷம் ஆகும், எச்ஐவி போல எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு இன்னும் சீக்கிரம். கடைசியில் போய்ப் பார்த்தபோது எனக்கு இருந்தது லேசான மாற்றம், ஒரு வருஷம் கழித்து மறுபடி வாருங்கள் என்றார்கள், அவ்வளவுதான். ஐந்து மாதத் தூக்கம் வீண்.

இதற்கு நேர் எதிரான தவறு என் நாத்தனார் செய்யப் பார்த்தது. அவளுக்குக் கொஞ்சம் முற்றின மாற்றம். உடனே சொந்தக்காரர்கள் கூடி, பிள்ளை பெற்றாச்சு, கர்ப்பப்பையையே எடுத்துவிடு என்றார்கள். பெரும்பாலும் அந்த மாறின பகுதியை மட்டும் மரக்க ஊசி போட்டுச் சூடான கம்பி வளையத்தால் எடுத்தாலே போதும், பலர் அன்றைக்கே வீடு திரும்பலாம். கர்ப்பப்பையை எடுக்கச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள், இன்னொரு டாக்டரிடமும் காட்டுங்கள்.

எச்பிவி என்றதும் புருஷனைச் சந்தேகப்படுவதும், புருஷன் பெண்டாட்டியைச் சந்தேகப்படுவதும் இன்னொரு கூத்து. அது வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் கிடக்கும், யாரிடமிருந்து எப்போது வந்தது என்று எந்த டெஸ்ட்டும் சொல்லாது.

எனக்குத்தான் ஒன்றும் இல்லையே, குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்தாச்சே, மாதவிலக்கே நின்றுபோச்சே என்று இந்தப் பரிசோதனை முகாமுக்கு வராதவர்கள் எங்கள் தெருவிலேயே நிறைய. ஒன்றும் இல்லாதபோது பார்ப்பதற்குத்தான் அந்த டெஸ்ட். நம் திண்டுக்கல் மாவட்டத்தில் 2000த்தில் தொடங்கின ஆய்வு ஒன்று உண்டு: 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு, பயிற்சி பெற்ற நர்ஸ்கள் வினிகர் மாதிரியான அசிட்டிக் அமிலம் தடவி ஒரே ஒரு தடவை பார்த்தார்கள். அப்படிப் பார்க்காத ஊர்களைவிட அங்கே இந்தப் புற்றுநோய்ச் சாவு 35 சதவீதம் குறைந்தது என்று 2007இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. அதே நேரம், உறவுக்குப் பிறகோ மாதவிலக்கு நின்ற பிறகோ ரத்தம் பட்டால் முகாம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், போன ரிப்போர்ட் நார்மலாக இருந்தாலும் சரி.

டெஸ்ட்டுக்கு முன் இரண்டு நாள் உறவு, உள்ளே வைக்கும் மாத்திரை, உள்ளே கழுவுவது வேண்டாம். மாதவிலக்கு நாளில் போக வேண்டாம். வலித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்காமல் நிறுத்தச் சொல்லுங்கள், சின்ன சைஸ் கருவி கேளுங்கள். கால்போஸ்கோபியில் சதை எடுத்தால் சுருக்கென்று கிள்ளும், சில நாள் லேசாக ரத்தமோ பழுப்பாகவோ படும். பேட் எடுத்துப் போங்கள். அன்றைக்கு வத்தலக்குண்டு மலைப்பாதையில் பஸ்ஸில் தனியாக நின்றுகொண்டு ஏறாதீர்கள், நான் ஏறினேன், டம்டம் பாறை வருவதற்குள் தலை சுற்றிவிட்டது.

போன் வரவில்லையே, அப்போது நல்ல சேதிதான் என்றும் இருக்காதீர்கள். எங்கள் பக்கம் டவர் கிடைப்பதே அபூர்வம். ரிப்போர்ட் என்றைக்கு வரும், யாரிடம் கேட்க வேண்டும் என்று கிளம்பும் முன்பே எழுதி வாங்குங்கள்.