ஃபயர்வால் விதிகளை ஸ்கிரிப்ட் வைத்து நீக்கும்போது எங்கெல்லாம் சறுக்கும்?

எந்த நெட்வொர்க் டிராஃபிக்கை விடலாம், எதைத் தடுக்கலாம் என்று சொல்வதுதான் ஃபயர்வால் விதி. கூகுள் கிளவுடில் அப்படி ஒரு விதியை நீக்குவது ஒரு வரி வேலை. கட்டளையைக் கொடுத்தால் ‘நீக்கலாமா?’ என்று ஒரே ஒரு முறை கேட்கும். ஸ்கிரிப்டில் போடும்போது குவயட் ஆப்ஷனைச் சேர்த்து அந்தக் கேள்வியையும் வாயடைத்துவிடுகிறோம். நீக்கிய விதியை மீட்டெடுக்க குப்பைத்தொட்டி எதுவும் கிடையாது. ஆனாலும் பெரும்பாலான விபத்துகளுக்குக் காரணம் இந்தக் கட்டளைக்கு முந்தைய படிதான்: எந்தெந்த விதிகள் போக வேண்டும் என்ற பட்டியல் எதை வைத்துத் தயாரானது என்பது.

பெயரை வைத்துத் தேடுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். கூகுள் கிளவுடின் கட்டளை வரிக் கருவியான ஜிகிளவுடின் வடிகட்டியில் டில்டே (~) குறி போட்டால், பெயரில் எந்த இடத்தில் அந்தச் சொல் வந்தாலும் பொருந்திவிடும். ‘டெஸ்ட்’ என்று தேடினால் ‘லேட்டஸ்ட்’ என்று முடியும் விதியும் மாட்டும். அதன் கடைசி நான்கு ஆங்கில எழுத்தும் அதுதானே. போதாக்குறைக்கு, நெட்வொர்க்கைக் குறிப்பிடாமல் பட்டியல் கேட்டால் அந்த புராஜெக்டில் இருக்கும் எல்லா வி.பி.சி.களின் (தனித்தனி மெய்நிகர் நெட்வொர்க்குகளின்) விதிகளும் வந்து விழும். பட்டியலை நேரே நீக்கும் கட்டளைக்குள் பைப் செய்வதை நான் எந்தச் சூழலிலும் ஒத்துக்கொள்ள மாட்டேன். பட்டியல் ஒரு ஃபைலுக்குப் போகட்டும், அதை ஒரு ஆள் படிக்கட்டும், நீக்கும் ஸ்கிரிப்ட் அந்த ஃபைலை மட்டும் வாசிக்கட்டும். அதே நேரத்தில் ஒவ்வொரு விதியின் முழு விவரத்தையும் ஜேசான் (JSON) ஃபைலாக எடுத்து வைத்துவிட்டால், திரும்ப உருவாக்க வேண்டி வந்தால் ஞாபகசக்தியை நம்ப வேண்டியதில்லை.

அடுத்தது, விதியை நீக்கினால் பாதுகாப்பு கூடும் என்ற நினைப்பு. அனுமதிக்கும் விதிக்கு அது சரி. தடுக்கும் விதியை நீக்கினால் கதவு திறக்கும். கூகுள் கிளவுடில் முன்னுரிமை எண் 0 முதல் 65535 வரை. எண் சிறியதாக இருந்தால் அதற்கே முதல் உரிமை. 900-இல் ஒரு தடை விதி, 1000-இல் அதே போர்ட்டுக்கு ஒரு தாராளமான அனுமதி விதி என்று வைத்துக்கொள்வோம். இத்தனை நாள் அந்த அனுமதி விதி செயல்படாமல் கிடந்தது. 900 போன நிமிடமே அது உயிர் பெறும். வெளியே போகும் டிராஃபிக்கில் இன்னும் மோசம். கண்ணில் படாத, நீக்க முடியாத இரண்டு உள்ளார்ந்த விதிகள் ஒவ்வொரு நெட்வொர்க்கிலும் உண்டு: உள்ளே வருவதை எல்லாம் தடுப்பது ஒன்று, வெளியே போவதை எல்லாம் அனுமதிப்பது இன்னொன்று. நீங்கள் எழுதிய தடையை எடுத்தால், இந்த இரண்டாவது விதி எல்லாவற்றையும் வெளியே விடும். அதனால் தடை விதிகளை ஸ்கிரிப்ட் தானாகத் தொடவே கூடாது. அவை தனிப் பட்டியல், தனி ஒப்புதல்.

‘இந்த ஐ.பி. யாருடையது என்றே தெரியவில்லை, பழைய விதி போல’ என்று தூக்கப்படும் விதிகளில் அடிக்கடி மாட்டுவது 130.211.0.0/22, 35.191.0.0/16 என்ற இரண்டு வரம்புகளும் உள்ள விதி. வரும் கோரிக்கைகளைச் சர்வர்களுக்குப் பிரித்துத் தருவது லோட் பேலன்சர்; சர்வர்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று அது பார்ப்பது ஹெல்த் செக். அவை கூகுளின் அந்த ஹெல்த் செக் வரும் முகவரிகள். விதி போனால் சர்வர்கள் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் லோட் பேலன்சர் கண்ணுக்கு எல்லாம் செத்ததாகத் தெரியும், பயனருக்கு 502, 503 என்று பிழை வரும். ஆப்ஸ் டீம் அப்ளிகேஷன் லாகைத் தோண்டிக்கொண்டிருப்பார்கள், அங்கே ஒன்றும் இருக்காது. 35.235.240.0/20 வரம்பும் இதே ரகம்: கூகுளின் அடையாளச் சரிபார்ப்பு வாயிலான ஐ.ஏ.பி. வழியாக எஸ்.எஸ்.எச். (சர்வருக்குள் தொலைவிலிருந்து நுழையும் இணைப்பு) வருவது அங்கிருந்துதான். இந்த மூன்றையும் ஸ்கிரிப்டிலேயே விலக்குப் பட்டியலில் எழுதி வைத்துவிடலாம்.

சரி, யாரும் பயன்படுத்தாத விதியை லாக் பார்த்துக் கண்டுபிடிக்கலாமே? பார்க்கலாம், ஆனால் கவனமாக. ஃபயர்வால் விதி லாகிங் இயல்பில் அணைந்தே இருக்கும். ஆன் செய்தாலும் டி.சி.பி., யு.டி.பி. இணைப்புகள் மட்டுமே பதிவாகும், வி.பி.என்.னுக்கான இ.எஸ்.பி. என்ற வேறொரு நெறிமுறையின் விதி எவ்வளவு உழைத்தாலும் லாகில் பூஜ்ஜியம்தான். அனுமதிக்கப்பட்ட இணைப்பு தொடங்கும்போது ஒரு முறைதான் பதிவாகும். டேட்டாபேசுடன் வாரக்கணக்கில் திறந்தே இருக்கும் இணைப்பு, போன வாரத்து லாகில் தென்படாமலே போகலாம்.

இதற்கெல்லாம் நல்ல மருந்து கைவசமே இருக்கிறது: நீக்குவதற்கு முன் முடக்குவது. கூகுள் கிளவுட் விதிகளில் டிசேபிள்டு என்ற ஒரு அமைப்பு உண்டு. விதி அப்படியே இருக்கும், அமலாகாது; தப்பென்றால் ஒரே கட்டளையில் திரும்ப இயக்கலாம். ஆட்டோமேஷன் இதை மட்டும் செய்யட்டும். மாத முடிவு, காலாண்டு முடிவு வேலைகள் எல்லாம் ஓடி முடிந்த பிறகு, இன்னொரு ஜாப் வந்து முடங்கிக் கிடப்பதை நீக்கட்டும்.

கிளவுட் அமைப்பைக் கோடாக எழுதி உருவாக்கும் டெர்ராஃபார்ம் கருவியைப் பயன்படுத்துபவர்களுக்கு வேறு வகைத் தலைவலி. விதிகளை ஒரு லிஸ்டில் வைத்து கவுண்ட் (வரிசை எண் போட்டு உருவாக்கும் முறை) மூலம் உருவாக்கியிருந்தால், நடுவிலோ முதலிலோ ஒன்றை எடுத்ததும் பின்னால் உள்ள எல்லாவற்றின் வரிசை எண்ணும் மாறும். எஸ்.எஸ்.எச்., வெப், டிபி என்று மூன்று விதிகள், எஸ்.எஸ்.எச்.சை மட்டும் எடுக்கிறீர்கள். பூஜ்ஜியமாவது இடத்துக்கு இப்போது வெப் வந்துவிட்டது. விதியின் பெயரை மாற்ற முடியாது என்பதால் டெர்ராஃபார்ம் பழையதை அழித்துப் புதிதாக உருவாக்கப் பார்க்கும். பழைய வெப் விதி இன்னும் இருந்தால் ‘இந்தப் பெயர் ஏற்கெனவே உள்ளது’ என்று அப்ளை (மாற்றங்களை அமலாக்கும் படி) பாதியில் நிற்கும். நீக்க நினைத்தது ஒன்று, தொட்டது மூன்று. ஃபார்-ஈச் போட்டுப் பெயரையே சாவியாக வைத்தால் இந்தச் சிக்கலே எழாது. அழிப்பதைத் தடுக்கும் பிரிவென்ட்-டெஸ்ட்ராய் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. அது ரிசோர்ஸ் பிளாக்குக்குள் இருக்கும் வரி. பிளாக்கையே அழித்தால் அந்தக் காவலும் சேர்ந்து போய்விடும். என்னென்ன மாறும் என்று காட்டும் பிளானை ஃபைலாகச் சேமித்து, அதில் அழிக்கப்படும் ரிசோர்ஸ் எண்ணிக்கை எதிர்பார்த்ததைவிட ஒன்று கூடினாலும் பைப்லைன் (தானியங்கி வேலைத்தொடர்) நிற்கும்படி எழுதுங்கள். சேமித்த அதே பிளானை மட்டும் அப்ளை செய்யுங்கள்.

ஆன்சிபிள் என்ற ஆட்டோமேஷன் கருவியில், அமேசானின் ஏ.டபிள்யூ.எஸ். கிளவுடில் ஃபயர்வால் போலச் செயல்படும் செக்யூரிட்டி குரூப்புக்கான மாட்யூலுக்கு பர்ஜ் ரூல்ஸ் என்ற ஆப்ஷன் இயல்பிலேயே ஆனில் இருக்கும். பிளேபுக்கில் (ஆன்சிபிள் ஓட்டும் ஃபைலில்) எழுதாத விதி எல்லாம் போய்விடும். ஒரு விதியைச் சேர்க்கத்தான் ஓட்டினேன் என்று சொல்லிப் பயனில்லை.

நீக்கியதும் சோதிப்பதிலும் ஒரு ஏமாற்று உண்டு. மைக்ரோசாஃப்டின் அஜூரிலும் ஏ.டபிள்யூ.எஸ்.சிலும் விதியை எடுத்தாலும், ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பு உடனே அறுந்துபோக வேண்டும் என்பதில்லை. பழைய எஸ்.எஸ்.எச். விண்டோவில் ஒரு கட்டளை ஓடுகிறது என்பதால் எதுவும் நிரூபணமாகாது. புதிதாக ஒரு இணைப்பைத் திறந்து பாருங்கள்.

கடைசியாக, பைப்லைன் ரன்னர் (ஸ்கிரிப்டை ஓட்டும் இயந்திரம்) எங்கே ஓடுகிறது என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். அதே வி.பி.சி.க்குள் ஒரு வி.எம்.மில் ஓடி, அந்த நெட்வொர்க்கில் வெளியே போவதற்குப் பொதுத் தடையும் இருந்தால், ரன்னர் கிளவுட் ஏ.பி.ஐ.யை (கட்டளைகளை ஏற்கும் கூகுளின் இடைமுகத்தை) எட்டுவது ஏதோ ஒரு அனுமதி விதியின் தயவில்தான். அந்த விதியும் பட்டியலில் இருந்தால் நுனிக்கிளையில் உட்கார்ந்து அடிமரத்தை வெட்டிய கதைதான்: பாதி விதிகள் போயிருக்கும், மீதியை நீக்கவோ போனதைத் திரும்பப் போடவோ ரன்னரால் முடியாது. நல்லவேளையாக, வெளியிலிருந்து அழைத்தால் விதிகளை மாற்றும் ஏ.பி.ஐ.க்கான பாதை உங்கள் வி.பி.சி. வழியாகப் போவதில்லை. கிளவுட் ஷெல்லிலிருந்தோ சொந்த லேப்டாப்பிலிருந்தோ, எடுத்து வைத்த ஜேசானைப் பார்த்து விதியைத் திரும்ப உருவாக்கலாம். எது போனது, எந்தக் கணக்கு நீக்கியது என்பது அட்மின் ஆக்டிவிட்டி ஆடிட் லாகில் 400 நாள் வரை இருக்கும். அதை யாராலும் அணைத்து வைக்க முடியாது.