சிறு தீவைச் சுற்றியுள்ள மீன்களையும் பவளங்களையும் கணக்கெடுப்பது எப்படி? தொடக்க நிலையினருக்கான செய்முறை

ஒரு சிறு தீவைச் சுற்றி எந்தப் பகுதியில் மீன்பிடிப்பை நிறுத்துவது, எங்கே நங்கூரம் போடுவதைத் தடுப்பது என்று முடிவெடுப்பவர்களுக்கு, முன்பு இருந்ததையும் இன்று இருப்பதையும் ஒப்பிட்டுக் காட்டும் எண்கள் தேவை. நன்றாக நீந்தத் தெரிந்த, பொறுமையுள்ள எவரும் அவற்றைத் திரட்டிவிடலாம். முறை எளிமையாக இருப்பதில் தவறில்லை. ஆனால் இந்த ஆண்டு ஒரு முறையும் அடுத்த ஆண்டு வேறொரு முறையும் என்று மாற்றினால் இரண்டு ஆண்டுகளின் உழைப்பும் வீணாகும்.

படி 1: கேள்வியை எழுதுங்கள்

"பவளம் எப்படி இருக்கிறது?" என்பது கணக்கெடுப்புக்கு ஏற்ற கேள்வி அன்று. "மீன்பிடி தடைசெய்யப்பட்ட பகுதியில் களவா, கிளிமீன் போன்றவை வெளிப்பகுதியைவிட அதிகமாகவும் பெரிதாகவும் உள்ளனவா?" என்பதே ஏற்ற கேள்வி. இதற்கு விடை காணத் தடைப் பகுதியிலும் வெளியிலும் அளக்க வேண்டும். இயன்றால் தடை தொடங்கும் முன்பே ஒருமுறை அளந்துவிட வேண்டும். பிலிப்பைன்ஸின் ஆபோ தீவில் 1982-இல் உள்ளூர் மக்கள் ஏற்படுத்திய தடைப் பகுதி உலகெங்கும் மேற்கோள் காட்டப்படுவதற்குக் காரணம், அதன் உள்ளேயும் வெளியேயும் பல ஆண்டுகள் விடாமல் மீன்கள் எண்ணப்பட்டதே. பெரிய இரைகொல்லி மீன்கள் மெதுவாகவே பெருகும் என்பதை அந்த நீண்ட தொடர்தான் காட்டியது.

படி 2: இடத்தைக் கரையிலேயே முடிவு செய்யுங்கள்

தண்ணீரில் இறங்கிய பிறகு இடம் தேடினால், கண் தானாகவே அழகான பவளத் திட்டை நோக்கிப் போகும். அப்படிக் கிடைக்கும் எண் அந்தத் திட்டைப் பற்றி மட்டுமே பேசும், தீவைப் பற்றிப் பேசாது. ஆகவே வரைபடத்தில் புள்ளிகளைக் குறித்து, ஜிபிஎஸ் எண்களுடன் புறப்படுங்கள். தீவின் காற்று வீசும் பக்கத்தில் அலை மோதும், மறைவுப் பக்கத்தில் மணலும் வண்டலும் படியும். இரு பக்கங்களிலும் வளரும் பவள வகைகளே வேறுபடும் என்பதால் ஒரு பக்கத்தின் எண்ணை மறு பக்கத்தின் எண்ணோடு கலக்கக் கூடாது. ஆழமும் அப்படியே: 3 முதல் 6 மீட்டர் என்று முடிவு செய்தால் எல்லா இடங்களிலும் அந்த வரம்புக்குள்ளேயே நில்லுங்கள்.

அனுமதி, துணைக்கு ஒருவர், படகில் ஒருவர், நீரோட்டம் பற்றிய முன்னறிவு ஆகியவை இல்லாமல் இறங்க வேண்டாம்.

படி 3: நாடாவை விரித்துவிட்டுக் காத்திருங்கள்

1997 முதல் தன்னார்வலர்களைக் கொண்டு பல நாடுகளில் பவளத் திட்டுகளைக் கணக்கெடுத்துவரும் ரீஃப் செக் அமைப்பின் முறை தொடக்க நிலையினருக்கு ஏற்றது. ஒரே ஆழத்தில் 100 மீட்டர் அளவு நாடாவை விரித்து, 20 மீட்டர் நீளமுள்ள நான்கு துண்டுகளை, இடையிடையே 5 மீட்டர் விட்டு, அளக்க வேண்டும். நாடா விரிப்பதைக் கண்டு மீன்கள் மிரண்டு ஒதுங்கும். ஆகவே 15 நிமிடங்கள் அப்பால் விலகி இருந்துவிட்டுத் திரும்புங்கள்.

படி 4: மீனை முதலில் எண்ணுங்கள்

பவளம் ஓடிவிடாது என்பதால் மீனிலிருந்து தொடங்குங்கள். நாடாவின் இரு புறமும் இரண்டரை மீட்டர், மேலே 5 மீட்டர் என்ற எல்லைக்குள் உள்ளவற்றை மட்டும் பிளாஸ்டிக் பலகையில் பென்சிலால் குறியுங்கள். பின்னாலிருந்து உங்களை முந்திச் செல்லும் மீனை எண்ண வேண்டாம். அதே மீன் இரண்டு மூன்று முறை கணக்கில் ஏறிவிடும். எல்லா இனங்களையும் அடையாளம் காண முயல்வதைவிட, களவா, கிளிமீன், வண்ணத்துப்பூச்சி மீன் என்று சில குழுக்களைப் பிழையின்றி எண்ணுவதே பயன் தரும்.

எண்ணிக்கையைவிட நீளத்தை மதிப்பிடுவதில்தான் கடினம் இருக்கிறது. முகமூடி வழியாகப் பார்க்கும்போது நீருக்கடியில் பொருள்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். மீனின் எடையோ ஏறக்குறைய நீளத்தின் முப்படியைப் (நீளம் × நீளம் × நீளம்) பொறுத்தது. 20 சென்டிமீட்டர் மீனை 25 என்று எழுதினால் நீளத்தில் 5 சென்டிமீட்டர்தான் பிழை. எடைக் கணக்கிலோ அது கிட்டத்தட்ட இரு மடங்காகிவிடும். இதனால்தான் வெவ்வேறு நீளமுள்ள குச்சிகளை நீருக்கடியில் நட்டு, பார்த்து மதிப்பிட்டு, பிறகு அளந்து சரிபார்க்கும் பயிற்சியை ஒவ்வொரு கணக்கெடுப்புக்கு முன்பும் செய்வார்கள்.

படி 5: பவளத்தைப் புள்ளி புள்ளியாகப் பதியுங்கள்

ஒவ்வொரு அரை மீட்டர் குறியிலும் நாடாவிலிருந்து ஒரு சிறு தூக்குக்குண்டை இறக்கி, அது தொடும் பொருளை எழுதுங்கள்: வன்பவளம் (கல் போன்ற எலும்புக்கூடு உள்ளது), மென்பவளம் (அது இல்லாதது), அண்மையில் இறந்த பவளம், பாசி, கடற்பஞ்சு, பாறை, உடைந்த பவளத் துண்டுகள், மணல், வண்டல், பிற. ஒரு துண்டுக்கு 40 புள்ளிகள், மொத்தம் 160. அவற்றில் 40 புள்ளிகளில் வன்பவளம் இருந்தால் அதன் பரப்பு 25 விழுக்காடு.

வெள்ளையாகத் தெரிவதெல்லாம் இறந்த பவளம் அன்று. வெளிறிய பவளத்தை அருகில் சென்று பார்த்தால் கண்ணாடி போன்ற மெல்லிய சதை எலும்புக்கூட்டின் மேல் இன்னும் படர்ந்திருக்கும். சில வகைகளில் நுண்ணிய கரங்கள் நீண்டிருப்பதையும் காணலாம். அது உயிருள்ளது, மீளக்கூடும். அதை வன்பவளத்தில் சேர்த்து, வெளிறியது என்று தனிக் குறிப்பிடுங்கள். இறந்ததில் சதை இருக்காது, சில நாட்களிலேயே பாசிப் படலம் ஏறத் தொடங்கிவிடும். ஐயம் வந்தால் படம் எடுங்கள், தொட்டுப் பார்க்காதீர்கள்.

படி 6: எண்களைச் சேர்த்துப் படியுங்கள்

அன்றே கரையில் பலகையிலுள்ளதைக் கணினியில் ஏற்றி, மூலப் பலகையையும் படம் எடுத்து வையுங்கள். நான்கு துண்டுகளின் சராசரியோடு அவற்றுக்கிடையேயான வேறுபாட்டையும் எழுதுங்கள். வன்பவளப் பரப்பு துண்டுக்குத் துண்டு 10 முதல் 40 விழுக்காடு வரை மாறும் இடத்தில், ஆண்டுக்கு ஆண்டு வரும் 5 விழுக்காட்டுச் சரிவை மாற்றமாகக் கொள்ள முடியாது.

ஓர் இடத்தில் உடைந்த பவளத் துண்டுகள் மிகுந்து, படகுகள் நிற்கும் இடமாகவும் அது இருந்தால், நங்கூரத்துக்குப் பதிலாக நிலையான மிதவைகள் அமைக்கப் பரிந்துரைக்கலாம். பாசி மிகுந்து கிளிமீன் குறைந்திருந்தால், பாசியை மேயும் மீன்களைப் பிடிப்பதில் கட்டுப்பாடு வேண்டும் என்று சொல்லலாம். அதோடு, கரையிலிருந்து கழிவுநீர் கலக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். எல்லா இடங்களிலும் ஒரே நேரத்தில் பவளம் வெளிறியிருந்தால் அநேகமாகக் கடல் வெப்பமே காரணம். அதை மீன்பிடித் தடை தடுத்துவிடாது. முடிவுகளை அந்தக் கடலில் மீன் பிடிப்பவர்களிடமே முதலில் காட்டுங்கள். எந்தத் துண்டில் எப்போது வலை சிக்கியது, எப்போது புயல் அடித்தது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும்; உங்கள் அட்டவணையில் விளங்காமல் நிற்கும் ஓர் எண்ணுக்கு அங்கேயே விடை கிடைக்கலாம்.