ஆடிய கைப்பிடியை இறுக்கியது: என் அனுபவம்

தாமிரபரணியே மெலியும் கத்திரி வெயிலில், பாளையங்கோட்டையில் மரச்சாமான்கள் சுருங்கும். என் உரிமம் பெற்ற 0.22 பிஸ்டலின் மரக் கைப்பிடியும் சுருங்கி, திருகு தளர்ந்து ஆடியது. 25 மீட்டர் துல்லியச் சுடுதலில் இலக்கின் நடுவிலுள்ள பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் 50 மில்லிமீட்டர்தான். பிடி மயிரிழை அசைந்தாலும் குறி தப்பும்.

தோட்டாக்கள் இருக்கும் மேகசினைக் கழற்றி, மேலே நகரும் ஸ்லைடைப் பின்னிழுத்து, தோட்டா நிற்கும் அறை காலியா என்று கண்ணாலும் விரலாலும் பார்த்தேன். இதில் அவசரமே கூடாது! பிறகு திருகைக் கழற்றி, மரையிலிருந்த எண்ணெயை ஸ்பிரிட்டால் துடைத்தேன். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பசை பிடிக்காது. திருகு தளராமல் பிடிக்கும் பசையான நீல லாக்டைட் ஒரே துளி. சிவப்பு வேண்டவே வேண்டாம், சூடாக்காமல் கழற்றுவது பெரும்பாடு. அளவொத்த திருப்புளியால் கையிறுக்கமாக முடுக்கினேன். அதற்குமேல் போனால் மரம் வெடித்துவிடும். ஒரு முழு நாள் காயவிட்டேன். கைப்பிடி இப்போது அசைவதில்லை.

டிரிக்கரோ ஸ்பிரிங்கோ தளர்ந்தால் நான் தொடமாட்டேன். அது உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதாளரின் வேலை.